பெயரை மாற்றினாலும் வேலை மாறாது
இந்தியத் தீர்ப்புகளில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை



"இந்தியாவில் தற்காலிகத் தொழிலாளர் எல்லோரையும் நிரந்தரமாக்கச் சொல்லி கோர்ட்டு தீர்ப்புக் கொடுத்துவிட்டதாமே, அது நமக்கும் செல்லுமா?" கிளைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. கைத்தொலைபேசியில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கேட்கிறார்கள். கேட்பது நல்லது. ஆனால் அந்தச் செய்திகளில் பாதி உண்மை, பாதி ஆசை. அதனால் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நேரான பதில். எல்லோரையும் ஒரே நாளில் நிரந்தரமாக்கும்படி எந்த இந்திய நீதிமன்றமும் சொல்லவில்லை. இந்தியத் தீர்ப்பு எதுவும் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் மாட்டாது. நம்முடைய சட்டத்தரணி ஒருவர் தமது வாதத்துக்குத் துணையாக அதை எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான். ஏற்பதா விடுவதா என்பதை இங்குள்ள நீதிபதி தீர்மானிப்பார்.

அப்படியானால் அதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? நமது தோட்டங்களில் இன்று ஒரு பத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "இனி நீங்கள் தொழிலாளி அல்ல. இந்த மலையில் இத்தனை செடி உங்கள் பொறுப்பு. கொழுந்தைக் கொடுங்கள், கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று அது சொல்கிறது. ஒரு தோட்டத்தில் இதற்கு அவுட்குரோவர் முறை என்று பெயர். இன்னொரு தோட்டத்தில் வருமானப் பங்கு முறை. வேறொரு இடத்தில் வெளிவாரி உற்பத்தி. பெயர்கள் பலவானாலும், பத்திரம் சொல்வது ஒன்றுதான்: செக்ரோலில் இருந்து உங்கள் பெயர் போகும்.

இதே கேள்வியைத்தான் இந்திய உச்ச நீதிமன்றம் கடந்த சில ஆண்டுகளாக வெவ்வேறு வழக்குகளில் எதிர்கொண்டிருக்கிறது. ஒருவரைத் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிட்டால், அவர் செய்யும் வேலையும் அதனால் வரும் உரிமையும் இல்லாமல் போய்விடுமா? போகாது என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம். அந்தப் பத்திரத்தில் ஒப்பம் வைக்கும் முன் நாம் ஒவ்வொருவரும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். இலங்கையில் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றத்தை நாம் உயர் நீதிமன்றம் என்கிறோம். இந்தியாவில் அதற்கு உச்ச நீதிமன்றம் என்று பெயர். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் மாநில மட்டத்தில் உள்ளது. கீழே வருபவை எல்லாம் அந்த உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள்.

பிள்ளை பார்ப்பது சேவையா, தொழிலா?

நம்முடைய பிள்ளைக் காம்பராவைப் போல இந்தியக் கிராமங்களில் அங்கன்வாடி என்று ஒன்று உண்டு. சிறுபிள்ளைகளைப் பார்ப்பதும், அவர்களுக்கு உணவு கொடுப்பதும், முன்பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், கர்ப்பிணித் தாய்மாருக்குச் சத்துணவு சேர்ப்பதும் அங்கே வேலை செய்யும் பெண்களின் பொறுப்பு. இதற்கு அரசு கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. மதிப்பூதியம் என்று சொல்வார்கள். அதாவது, "நீங்கள் தொண்டு செய்கிறீர்கள், உங்களைக் கௌரவித்து ஏதோ தருகிறோம்" என்ற அர்த்தம்.

குஜராத் மாநிலத்தில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டார்கள். நாம் கிராசுவிட்டி என்று சொல்லும் அதே சேவைக்காலப் பணம். நீங்கள் ஊழியரே இல்லை, உங்களுக்குப் பணிக்கொடை எப்படி என்று அதிகாரிகள் மறுத்தார்கள். பணிக்கொடை அதிகாரியிடம் பெண்கள் வென்றார்கள். பிறகு உயர் நீதிமன்ற அமர்வு ஒன்றில் தோற்றார்கள். கடைசியில் 2022 ஏப்ரல் 25ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள்.

நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும் கொடுத்த அந்தத் தீர்ப்பின் அடிப்படை எளிமையானது. கொடுக்கும் காசுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதைப் பார்க்காதே. அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், அந்த வேலையை அவளிடம் சுமத்தியது யார் என்று பார். இவ்வளவு கடமைகளையும் சுமத்திவிட்டு இது பகுதிநேரத் தொண்டு என்று சொல்ல முடியாது. மதிப்பூதியம் என்று கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது சம்பளமே. ஆகவே பணிக்கொடை உண்டு.

அப்பாயின்மன்ட் கடிதம் இல்லாதவர்களின் கதை

இரண்டாவது வழக்கு 2024 டிசம்பர் 20ஆம் திகதி முடிந்தது. இந்திய மத்திய அரசின் நீர் ஆணைக்குழு அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்த பெண்களும் தோட்ட வேலை செய்த ஒருவரும் தொடுத்த வழக்கு அது. பத்து வருடத்துக்கும் மேலாக நாள் தவறாமல் வேலை செய்தும் அவர்கள் தற்காலிகமாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். நிரந்தரம் கேட்டு நியாய சபைக்குப் போனார்கள். 2018இல் அங்கே அவர்களுடைய கோரிக்கை தள்ளுபடியானது. சில மாதத்தில் வேலையும் பறிபோனது.

கூட்டுவதும் கழுவுவதும் ஓர் அலுவலகத்துக்கு ஒரு நாளில் முடிந்துபோகும் வேலையா என்பதே நீதிபதிகள் விக்ரம் நாத், பிரசன்ன வராலே இருவரும் பார்த்தது. நாளும் தேவைப்படுகிற, நிறுவனம் இருக்கும்வரை இருக்கிற வேலை அது. அப்படிப்பட்ட வேலையைச் செய்பவரை வருடக்கணக்காகத் தற்காலிகம் என்று வைத்திருப்பது சுரண்டல். அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்து நிரந்தரமாக்கும்படி உத்தரவு வந்தது. வேலை செய்யாமல் இருந்த காலத்துக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. ஆனால் ஓய்வுக்காலச் சலுகைகளுக்கு அந்தக் காலமும் சேவையாகக் கணக்கிடப்பட்டது.

ஆறு கிழமை கழித்து, 2025 ஜனவரி 31ஆம் திகதி, அதே இரு நீதிபதிகள் உத்தரப் பிரதேசத்தின் காஜியாபாத் மாநகர சபைத் தோட்டக்காரர்களின் வழக்கைத் தீர்த்தார்கள். 1998இல் இருந்து பூங்காக்களில் செடி நட்டுப் பராமரித்தவர்கள் இவர்கள். எவருக்கும் நியமனக் கடிதம் கிடையாது. உரிமை கேட்டுத் தகராறு எழுப்பினார்கள். அந்த விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, 2005இல், ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லாமல் வாயால் சொல்லியே நிறுத்திவிட்டார்கள். "இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, கொந்தராத்துக்காரரின் ஆட்கள்" என்று மாநகர சபை வாதாடியது.

அந்த வழக்கில் நடந்த ஒன்றை நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னபோது மாநகர சபை கொண்டுவரவில்லை. பதிவேடுகள் வேலை கொடுப்பவரின் கையில் இருக்கின்றன. கொண்டுவரச் சொல்லியும் அவர் கொண்டுவரவில்லை என்றால், அவை அவருக்குப் பாதகமானவை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள் நீதிபதிகள். கொந்தராத்துக்காரர்தான் சம்பளம் கொடுத்தார் என்பதற்கும் சரியான ஆதாரம் வரவில்லை. தோட்டக்காரர்கள் திரும்ப வேலைக்குப் போனார்கள். இழந்த சம்பளத்தில் பாதியும் கிடைத்தது.

இங்கே ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். 2006இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று, முறையான தேர்வு இல்லாமல் அரசாங்க வேலையில் நுழைந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு இன்னும் செல்லும். புதிய தீர்ப்புகள் சொல்வது, உழைப்பவரைச் சுரண்டுவதற்கு அதை ஒரு கேடயமாகப் பிடிக்காதே என்பதுதான். மேலும் இவையெல்லாம் அரசாங்கமோ மாநகர சபையோ வேலை கொடுத்த வழக்குகள். தனியார் கம்பனிக்கு அப்படியே பொருந்தும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பொருந்துவது அதில் இருக்கும் நியாயம்: பெயரைப் பார்க்காதே, வேலையைப் பார்.

நட்டத்தை யார் தலையில் கட்டுவது?

மூன்றாவது வழக்கு கொரோனாக் காலத்தது. 2020 ஏப்ரல் மாதம் குஜராத் அரசு ஓர் அறிவித்தல் வெளியிட்டது. தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணித்தியாலம், கிழமைக்கு 72 மணித்தியாலம்வரை வேலை வாங்கலாம் என்றது. அப்போதிருந்த சட்டப்படி அங்கே 9 மணித்தியாலமும் 48 மணித்தியாலமுமே எல்லையாக இருந்தன. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த இரட்டைச் சம்பளமும் தேவையில்லை, சாதாரண வீதத்தில் கொடுத்தால் போதும் என்றது அறிவித்தல். காரணம் கேட்டால், பொருளாதாரம் விழுந்துவிட்டது, இது பொது அவசரநிலை என்றார்கள்.

குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 2020 ஒக்டோபர் 1ஆம் திகதி மூன்று நீதிபதிகள் அந்த அறிவித்தலை இரத்துச் செய்தார்கள். சட்டத்தில் பொது அவசரநிலை என்றால் போர், வெளித்தாக்குதல், உள்நாட்டுக் குழப்பம் போன்றவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு வரும் ஆபத்து. வியாபாரம் மந்தமாவது அதற்குள் அடங்காது. பொருளாதாரத்தை நிமிர்த்தும் பாரத்தைத் தொழிலாளியின் முதுகில் மட்டும் ஏற்ற முடியாது. ஏற்கெனவே மேலதிகமாக வேலை செய்தவர்களுக்கு இரட்டைச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடு என்று தீர்ப்பு முடிந்தது.

கம்பனி நட்டத்தில் ஓடுகிறது, உற்பத்திச் செலவு கூடிவிட்டது, அதனால் முறையை மாற்ற வேண்டும் என்ற பேச்சை நாமும் சம்பளப் பேச்சு வரும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறோம். நட்டம் உண்மையாகவே இருக்கலாம். அதைப் பேசித் தீர்க்கலாம். சட்டம் கொடுத்த ஆகக் குறைந்த பாதுகாப்பை நீக்குவதற்கு அது காரணமாகாது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழக்கு

நமக்கு மிக நெருக்கமான வழக்கு இதுதான். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தியாவில் பல தேயிலைத் தோட்டங்களை முதலாளிமார் கைவிட்டுப் போனார்கள். சம்பளம் பாக்கி, சேமலாப நிதி பாக்கி, பணிக்கொடை பாக்கி. லயன்களில் பட்டினி. ஐ.யூ.எஃப் எனப்படும் உணவு, விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் சர்வதேச அமைப்பும் வேறு சங்கங்களும் சேர்ந்து 2006இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அசாம், மேற்கு வங்காளம், கேரளம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலத் தொழிலாளரின் பாக்கி இந்த வழக்கில் அடங்கும். தமிழ்நாட்டின் தேயிலை மலைகள் என்றதும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன நம் சொந்தங்கள் நினைவுக்கு வருவார்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு தேயிலை பயிரிட்டது. நம்மில் பலருக்கு அங்கே பெரியப்பாவும் அத்தையும் இருந்தார்கள்.

2010 ஓகஸ்ட் மாதம் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் உத்தரவிட்டது. மத்திய அரசு நடவடிக்கை எடுத்துப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்றது. நடக்கவில்லை. 2012இல் சங்கங்கள் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டன. 2018இல் இடைக்காலமாகக் கொஞ்சம் பணம் கொடுக்க உத்தரவு வந்தது. பிறகு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி அபய் மனோகர் சப்ரே நியமிக்கப்பட்டார். அசாமில் மட்டும் 25 தோட்டங்களில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருக்குச் சேர வேண்டியது 414 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் என்று கணக்கு வந்தது. சேமலாப நிதிக்குக் கட்டப்படாமல் இருந்தது இன்னும் 230 கோடிக்கு மேல். 2024, 2025ஆம் ஆண்டுகளிலும் அசாம் அரசை நீதிமன்றம் இதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தோட்டம் மூடினாலும் கை மாறினாலும் உழைத்த காசு செத்துப்போகாது என்பது இந்த வழக்கில் உறுதியான ஒன்று. ஆனால் 2006இல் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு தாய் 2025இல் உயிரோடு இருப்பாளா? தீர்ப்பு வந்த பிறகும் ஒவ்வொரு படியிலும் சங்கம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருப்பவர்களுக்கும், வழக்குக்குப் போய் என்ன பிரயோசனம் என்று ஒதுங்குபவர்களுக்கும் இந்த ஒரு வழக்கே பதில்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம்

நமது சட்டமும் வெறுங்கையாக இல்லை. நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டு வேலை என்ற பேதம் இல்லாமல் வேலைக்கு வந்த முதல் நாளில் இருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் உரித்துடையவர்கள். நூறு ரூபா சம்பளத்துக்கு நமது பங்கு 8 ரூபா, கம்பனியின் பங்கு 12 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி கட்டுவது இன்னும் 3 ரூபா. ஆக, நம் சம்பளத்துக்கு மேல் கம்பனியின் கையில் இருந்து 15 ரூபா வருகிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வருடம் வேலை செய்த ஒருவருக்கு 350 நாள் சம்பளம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாவை வைத்துப் பார்த்தால் 4,72,500 ரூபா. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டும்.

இந்த உரிமைகள் எல்லாம் ஒரே சொல்லில் தொங்குகின்றன: ஊழியர். சம்பள நிர்ணய சபை தீர்மானிக்கும் நாட்சம்பளமும் அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. 2021இல் 1,000 ரூபாச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டதும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகிக்கொண்டன. அதில் இருந்த பல பாதுகாப்புகள் அதோடு தளர்ந்தன. எஞ்சியிருப்பது சட்டத்தில் உள்ளவை. சட்டத்தில் உள்ளவற்றைப் பெறுவதற்கு நாம் ஊழியராக இருக்க வேண்டும். அந்தச் சொல்லைத்தான் இந்தப் பத்திரம் நம்மிடம் கேட்கிறது.

"எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது" என்று சொல்லும் தோழர்களும் இருக்கிறார்கள். விடிய எழும்பிப் பிரட்டுக்கு ஓட வேண்டியதில்லை, கங்காணியின் ஏச்சு இல்லை, நிறை குறைந்தால் அரைப் பேர் போடும் தொல்லை இல்லை, கொழுந்து நன்றாக வரும் மாதத்தில் கையில் கூடக் காசு வருகிறது என்கிறார்கள். இதில் பொய் இல்லை. அரைப் பேர் போட்டு மனிதரை வெறுக்க வைத்த நிர்வாகத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. காணி உரிமையோடு உண்மையான சிறுதோட்ட உடைமையாளராக நம் மக்கள் மாறுவதை நாங்கள் எதிர்க்கவும் இல்லை. அது நம் நீண்டகாலக் கோரிக்கை.

ஆனால் காணி கம்பனியுடையது. செடி கம்பனியுடையது. கொழுந்தைக் கம்பனியின் தொழிற்சாலைக்குத்தான் கொடுக்க வேண்டும். விலையைக் கம்பனி சொல்லும். எத்தனை நாளுக்கு ஒரு சுற்று எடுக்க வேண்டும் என்பதையும் கம்பனி சொல்லும். உரத்துக்கும் மருந்துக்கும் கணக்கில் வெட்டும். பிறகு நாம் எந்த வகையில் முதலாளி? வரட்சி வந்தால், விலை விழுந்தால், குளவி கொட்டி வைத்தியசாலையில் கிடந்தால் மட்டும் நாம் முதலாளி. அங்கன்வாடிப் பெண்களுக்குத் தொண்டர் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு உற்பத்தியாளர் என்று பெயர் வைக்கிறார்கள். வேலை அப்படியே இருக்கிறது.

ஒப்பம் வைக்கும் முன் கேட்க வேண்டியவை

பத்திரம் உங்கள் கைக்கு வந்தால் இந்தக் கேள்விகளைத் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

1. இதில் ஒப்பம் வைத்தால் என் பெயர் செக்ரோலில் இருக்குமா? சேமலாப நிதி, நம்பிக்கை நிதி தொடர்ந்து கட்டப்படுமா?

2. இதுவரை உழைத்த வருடங்களுக்குப் பணிக்கொடை எப்போது, எவ்வளவு? நானாக வேலையை விட்டதாக இந்தப் பத்திரத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா?

3. கொழுந்தின் விலையை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? வேறு தொழிற்சாலைக்குக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா?

4. வேலையில் காயப்பட்டால், குளவி கொட்டினால் நட்டஈடு யார் பொறுப்பு? பிரசவ காலத்தில் என்ன கிடைக்கும்?

5. இந்த முறை எனக்குச் சரிவராவிட்டால் பழையபடி வேலைக்குத் திரும்ப முடியுமா? லயக் காம்பராவில் இருக்கும் உரிமை இதனால் மாறுமா?

பத்திரம் நமக்கு விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. தனியாகக் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கப் பார்த்தால், "தலைவரோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பத்திரத்தின் பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள்.

வீட்டில் ஒரு கொப்பி

காஜியாபாத் தோட்டக்காரர்களிடம் நியமனக் கடிதம் இல்லை. ஆனாலும் தாங்கள் வேலை செய்ததைக் காட்ட முடிந்தது. பதிவேட்டைக் கொண்டுவர மறுத்தவர் மாட்டிக்கொண்டார். அசாமில் பாக்கியைக் கணக்குப் பார்க்க வருடக்கணக்கு ஆனதற்கும் ஏடுகளே ஒரு காரணம் என்று நினைக்க இடமுண்டு. கைவிட்டுப்போன தோட்டத்தில் செக்ரோலைத் தேடி எடுப்பது சுலபமா?

அதனால் எல்லாக் கிளைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். திகதி, மலையின் இலக்கம், எடுத்த கிலோ, முழுப் பேரா அரைப் பேரா, கைக்காசு வேலை என்றால் எவ்வளவு என்று தினமும் ஒரு வரி. அம்மாவுக்கு எழுத நேரமில்லை என்றால் பிள்ளை எழுதட்டும். பாடசாலையில் அட்டவணை போடப் படித்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை. சம்பளச் சீட்டுகளை எறியாமல் அதே கொப்பியில் ஒட்டி வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று பெயர். நாங்கள் பாடசாலை அனுமதிப் பத்திரம் நிரப்பும்போதெல்லாம் பார்ப்பது இது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் லயத்தில் கூப்பிடும் பெயர். ஓர் எழுத்து மாறினாலும் சேமலாப நிதி எடுக்கப் போகும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஓய்வு வயது வரும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தலைவரிடம் சொல்லுங்கள். திருத்தும் வேலையைக் காரியாலயம் செய்து கொடுக்கும். சேமலாப நிதி கட்டுப்படுகிறதா என்பதையும் தொழில் காரியாலயத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள் என்றால் வீட்டில் குந்தியிருந்து யோசிக்க வேண்டாம். தொழில் நியாய சபைக்குப் போவதற்குக் காலக்கெடு உண்டு. அந்தக் கிழமையே சங்கத்துக்கு வாருங்கள். நியாயமானதும் ஒப்புரவானதுமான கட்டளையைக் கொடுக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு இருக்கிறது. பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், உண்மையில் என்ன வேலை நடந்தது என்று காட்டி வாதாட அங்கே இடமுண்டு. இந்தியத் தீர்ப்புகளில் உள்ள நியாயத்தை நம் சட்டத்தரணிகள் எடுத்துச் சொல்லக்கூடிய இடமும் அதுதான். அவர்கள் பேசுவதற்கு உங்கள் கொப்பியும் சீட்டுகளும் வேண்டும்.

குஜராத் பெண்களும் காஜியாபாத் தோட்டக்காரர்களும் நம்மைவிடப் படித்தவர்களோ பணக்காரர்களோ அல்ல. கூட்டுகிறவர்கள், பிள்ளை பார்க்கிறவர்கள், செடி நடுகிறவர்கள். உன்னைத் தொழிலாளி இல்லை என்று சொன்னபோது, நான் செய்யும் வேலையைப் பார் என்று ஒன்றாக நின்று சொன்னார்கள். பல வருடம் விடாமல் சொன்னார்கள்.

வரும் மாதக் கிளைக் கூட்டங்களில் இந்தப் பத்திரம் பற்றிய பேச்சை முதல் விடயமாக வைக்கும்படி எல்லாத் தோட்டத் தலைவர்களையும் மாதர் சங்கத் தலைவிகளையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தோட்டத்தில் பத்திரம் கொடுக்கப்பட்டிருந்தால் அதன் பிரதியோடு வாருங்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே எவரும் ஒப்பம் வைப்பதா இல்லையா என்று முடிவெடுக்கட்டும்.